பாத மேன்மைக் கழகம்

ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் அவளுக்கு மெயில் என்று பெயர், மெயில் ரயிலின் மெயில். வைத்தது யாரென்று ஒருவருக்கும் ஞாபகமில்லை, ஏன் வைத்தார்கள் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். துவைத்த விரிப்புகளை மேல்மாடி வார்டில் கொடுத்துவிட்டு வரச் சொன்னால், மற்றவர்கள் லிஃப்ட் கதவைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே அவள் படியேறிக் கொடுத்துவிட்டு இறங்கிவந்து, அவர்கள் முதுகுக்குப் பின்னால் நின்று, "இன்னும் வரலையா?" என்று கேட்பாள். தினமும் விடிகாலையில் ஐயாயிரம் மீட்டர் ஓடிவிட்டு வேலைக்கு வருகிறவளுக்கு மாடிப்படியெல்லாம் எந்த மூலைக்கு?

அவள் பொழுதுபோக்குக்காக ஓடவில்லை. சலவைப் பிரிவில் அவள் தினக்கூலி. ஒருநாள் உடம்பு சரியில்லை என்று படுத்தால் அன்றைக்கு அடுப்பும் படுத்துக்கொள்ளும். விளையாட்டுத் துறை வருஷத்துக்கு ஒருமுறை நடத்தும் ஐயாயிரம் மீட்டர் தேர்வு ஓட்டத்தில் முதல் மூன்று இடத்துக்குள், அதுவும் பதினெட்டு நிமிடத்துக்குள் வந்தால் நிரந்தர வேலை. ஆனால் முப்பது வயது நிறைந்தவர்கள் கலந்துகொள்ள முடியாது. மெயிலுக்கு இருபத்தொன்பது. போன வருஷம் மகளுக்குக் காய்ச்சல், அதற்கு முந்தின வருஷம் மகளே வயிற்றில். இந்த வருஷம் விட்டால் அப்புறம் காற்றைவிட வேகமாக ஓடினாலும் செல்லாது.

ஓடுவதற்கு அவளிடம் ஒரு ஜோடி காலணி இருந்தது. அதை அவள் வாங்கிய அழகைக் கடைக்காரர் சாகும்வரை மறக்கமாட்டார். நாளெல்லாம் ஈரத்தரையில் நின்று வீங்கிய காலோடு நேரே கடைக்குப் போனாள். ஓடும்போதும் கால் இப்படித்தான் வீங்கும், அதனால் இந்தக் காலுக்குத்தான் வாங்க வேண்டும் என்பது அவள் கட்சி. போட்டுக்கொண்டு நின்றாள், நடந்தாள், குதித்தாள். விரல் நுனிக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும், குதிகால் வழுக்கக் கூடாது, நடுப்பாதம் நெருக்கக் கூடாது என்று ஒவ்வொன்றாகக் கழித்துக் கட்டினாள். கடைசியில் ஒரு ஜோடியைப் போட்டுக்கொண்டு கடையை விட்டு இறங்கி, நடைபாதையில் ஓடவே ஆரம்பித்துவிட்டாள். கடைக்காரர் "பிடிங்க, பிடிங்க!" என்று அலற, தண்ணீர் லாரி ஓட்டும் அவள் புருஷன் வாசலில் நின்று, "ஓடிப்போகல அண்ணே, ஓடிப் பார்க்கிறா!" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டான். தெருக்கோடிவரை போய்த் திரும்பியவள், "இதையே குடுங்க" என்றாள். அந்தக் காலணியில் அவள் பதினெட்டு நிமிடத்துக்குள், மூச்சு மிச்சம் வைத்து, ஓடி முடிப்பாள்.

அந்த வருஷம்தான் ஆணை வந்தது. தேர்வு ஓட்டத்தில் கலந்துகொள்கிறவர்கள் பாத மேன்மைக் கழகம் அளந்து, தேர்ந்து, முத்திரையிட்டுத் தரும் காலணியைத்தான் அணிய வேண்டும்.

கழகம் பிறந்த கதையைச் சொல்லிவிடுவது நல்லது. சில வருஷங்களுக்கு முன் ஒரு பந்தயத்தின் கடைசிச் சுற்றில், ஓட்டக்காரன் ஒருவனின் காலணி கழன்று பறந்துபோய், மேடையில் கண்ணயர்ந்திருந்த பெரிய மனிதர் ஒருவரின் மடியில் விழுந்தது. அவர் திடுக்கிட்டு விழித்து, தனக்கு ஏதோ நினைவுப்பரிசு தருகிறார்கள் என்று எண்ணி, அதை இரண்டு கையாலும் தூக்கிக் கூட்டத்துக்குக் காட்டிவிட்டார். மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் அந்தப் படம். விசாரிக்க ஒரு குழு போட்டார்கள். குழு ஒரு கழகத்தைப் பரிந்துரைத்தது. கழகத்துக்கு ஒரு கட்டடம் வந்தது. கட்டடத்துக்கு முன்னால் ஆள் உயரத்தில் ஒரு வெண்கலப் பாதம் வந்தது. ஒற்றைக் காலணியோடு ஓடிய அந்த ஓட்டக்காரன் பந்தயத்தில் ஜெயித்தான் என்ற தகவல் மட்டும் எந்த அறிக்கையிலும் வரவில்லை. இனி எந்தக் காலணியும் எந்தக் காலிலிருந்தும் கழலக் கூடாது என்பதே கழகத்தின் முதல் கொள்கை. இரண்டாவது கொள்கைக்கு இன்னும் தேவை ஏற்படவில்லை.

மெயில் ஒருநாள் கூலியை விட்டுவிட்டுக் கழகத்துக்குப் போனாள். வாசலில் காவலாளி தடுத்தார்.

"ஷூவ இங்கயே கழட்டி வைங்கம்மா."

"இது ஷூ ஆபீஸ்தானே அண்ணே?"

"அதனாலதான் சொல்றேன். வெளி ஷூவுக்கு உள்ள அனுமதி இல்ல."

வெறுங்காலோடு உள்ளே நுழைந்தாள். நீண்ட, வழவழப்பான நடைக்கூடம். சுவரில் பத்தடிக்கு ஒரு பலகை: 'ஓடாதீர்.' அவள் தன் வழக்கப்படி நடந்தாள்.

"ஓடாதீங்க!" என்று காவலாளி பின்னாலிருந்து கத்தினார்.

"நடக்கத்தான் அண்ணே செய்றேன்."

"பார்க்க ஓடுற மாதிரி இருக்கு. உள்ள இருக்கிறவங்க பயந்துருவாங்க. ஆபீசுக்குப் போற மாதிரி நடங்க."

முதல் அறையில் அளவையாளர் இருந்தார். தலையை ஒழுங்காக வாரி, நகங்களைச் சுத்தமாக வெட்டிக்கொண்டு, நல்ல குடும்பத்துப் பிள்ளை போலிருந்தார். அவளை உயரமான நாற்காலியில் ஏற்றி உட்காரவைத்து, தொங்கும் கால்களைக் குளிர்ந்த நீர் நிறைந்த தொட்டியில் வைக்கச் சொன்னார். பாதம் சாந்தமாக வேண்டுமாம். விரல்கள் விறைத்துச் சுருங்கிய பிறகு துடைத்துவிட்டு, அந்தரத்தில் தொங்கவிட்டபடியே அளக்க ஆரம்பித்தார்.

"நின்னுக்கிட்டு அளக்கக் கூடாதா சார்? நான் உட்கார்ந்துக்கிட்டு ஓட மாட்டேனே."

அளவையாளர் புன்னகைத்தார். இந்தக் கேள்விக்காகவே காலையிலிருந்து காத்திருந்தவர் போலத் தெரிந்தது.

"நின்னா பாதம் பொய் சொல்லும்மா. உடம்போட கனம் மேல ஏறினதும் பயத்துல அகலமாயிடும். அடிச்சு வாங்குற வாக்குமூலம் எங்கயாவது செல்லுமா? பாதத்தை நாங்க மிரட்டுறதில்ல. அது சுதந்திரமா இருக்கும்போதுதான் அளக்கிறோம்."

மெயிலுக்கு வலது பாதம் இடதைவிடச் சற்றுப் பெரியது. நிறையப் பேருக்கு இப்படி இருப்பதுதான். ஆனால் அளவையாளரின் முகம் மாறியது.

"ஒரே ஆளுக்கு ரெண்டு அளவா? அதெல்லாம் இங்க முடியாதும்மா. ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுத்துடுறேன். ரெண்டு காலுக்கும் நியாயமாப் போயிடும்."

"ரெண்டு காலுக்குமே பொருந்தாதே சார்."

"நியாயம் யாருக்கும்மா பொருந்தியிருக்கு?" என்றார் அளவையாளர். சொன்னதை அவரே ஒருமுறை மனதுக்குள் ரசித்துவிட்டு எழுதிக்கொண்டார்.

அடுத்த அறை நடை ஆய்வாளருடையது. அறையின் நடுவே, ஓடிப் பார்ப்பதற்கான பெரிய இயந்திரம் ஒன்று கண்ணாடித்தாளால் மூடப்பட்டு, திறப்புவிழா ரிப்பன் அவிழ்க்கப்படாமல் நின்றது. மெயிலின் கால் தன்னால் அதன் பக்கம் போயிற்று.

"தொடாதீங்க! அது விலை உயர்ந்த மெஷின். மேல ஏறினா அழுக்காயிடும்" என்று நடை ஆய்வாளர் பாய்ந்து வந்து மறித்தார். "உட்காருங்க. நீங்க எப்படி ஓடுவீங்கன்னு வாயால சொல்லுங்க."

"வேகமா ஓடுவேன் சார்."

"வேகம் எங்க பிரிவுல வராது. கால் தரையில படும்போது குதிகால் முதல்ல படுமா, முன்பாதம் முதல்ல படுமா?"

"கீழ குனிஞ்சு பார்த்ததில்ல சார். வேணும்னா வெளிய போய் ஒரு தடவ ஓடிக் காட்டட்டுமா? நீங்களே பார்த்துக்கலாம்."

"பார்க்கிறதா?" நடை ஆய்வாளர் மனம் புண்பட்டவராக நிமிர்ந்தார். "பார்த்துச் சொல்றதுக்குத் தெருவுல போறவன் போதுமே. பதினாறு வருஷம் படிச்சவன் எதுக்கு?"

அவளை நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஓடுவதுபோல் கையைக் காலை ஆட்டச் சொன்னார். சலவைப் பிரிவில் தெரிந்தால் மானம் போய்விடும் என்று நினைத்துக்கொண்டே அவள் ஆட்டினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நாற்காலி கிரீச் கிரீச் என்றது.

"உள்பக்கம் சாயுற கால்" என்று தீர்ப்புச் சொன்னார்.

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க சார்?"

"நாற்காலி உள்பக்கமா சாயுதே."

அந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை என்பதை எழுந்த பிறகுதான் மெயில் கவனித்தாள். அதில் உட்கார்ந்த அத்தனை பேரின் காலும் உள்பக்கம் சாய்கிற கால் என்றுதான் பதிவாகியிருக்க வேண்டும். சொல்லலாமா என்று யோசித்தாள். சொன்னால் வேறு நாற்காலியில் மறுபடியும் ஆட்டச் சொல்வார் என்று வாயை மூடிக்கொண்டாள்.

காலணி வந்தது. பளபளவென்று இருந்தது. போட்டதும் பெருவிரல் முட்டியது, சுண்டுவிரல் பக்கத்து விரலின் மேல் ஏறிக்கொண்டது. கணுக்காலைச் சுற்றி இறுக்கிய வாரில் ஈய முத்திரை வைத்துத் தந்தார்கள். வாரைத் தளர்த்தலாம், ஆனால் காலணியை வெட்டினாலோ இழுத்துப் பெரிதாக்கினாலோ முத்திரை பிரிந்துவிடும். முத்திரை பிரிந்தால் ஓட அனுமதி இல்லை.

சரி, இதை அன்றைக்கு மட்டும் எப்படியோ சமாளிப்போம், அதுவரை பழைய காலணியில் பயிற்சி செய்துகொள்வோம் என்று தேற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். அவள் காலணி அங்கேயே இருந்தது, நடுவில் நீளவாக்கில் கீறப்பட்டு, இரண்டு பக்கமும் வாயைப் பிளந்துகொண்டு. காவலாளியின் கையில் கத்தி இருந்தது.

"தகுதியில்லாத ஷூவ உடனுக்குடன் அழிக்கணும்னு உத்தரவும்மா. என்னைத் திட்டாதீங்க. நானும் பிள்ளகுட்டிக்காரன்."

மெயில் அவரைத் திட்டவில்லை. அந்த இரண்டு பிளந்த காலணிகளையும் மடியில் வைத்துக்கொண்டு வெண்கலப் பாதத்தின் நிழலில் கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தாள். செத்தவர்களின் விரிப்பைத் துவைக்கும்போதுகூட அழாதவள், அன்றைக்கு அழுதாள்.

வீட்டில் புருஷன் புதுக் காலணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"உள்ள ஈரத்துணியைத் திணிச்சு வச்சா கொஞ்சம் இளகுமா?"

"இளகினா முத்திரை பிரியும்."

"இதுக்குள்ள கால் போறதே பெரிய விஷயம். இதப் போட்டுக்கிட்டு ஓடச் சொல்றானே, அவன் என்னைக்காவது ஓடியிருப்பானா?"

"சிரிக்க வைக்காதீங்க, எனக்கு வயிறு எரியுது" என்றாள் மெயில்.

இன்னொரு நாள் கூலியை விட்டுவிட்டுக் கழகத் தலைவரைப் பார்க்கப் போனாள். தலைவரின் அறையில் கணுக்கால் புதையும் அளவுக்குக் கம்பளம் விரித்திருந்தது. தலைவர் பருத்த மனிதர். நீர் கோத்த பாதங்களை, முன்னும் பின்னும் திறந்த, மெத்து மெத்தென்ற செருப்பில் தாராளமாகப் பரப்பி வைத்திருந்தார். இந்த ஊரிலேயே கால் சௌகரியமாக இருக்கும் ஒரே மனிதர் இவர்தான் என்று மெயிலுக்குத் தோன்றியது.

"சொல்லும்மா."

"ஷூ சின்னதா இருக்கு சார். நடந்தாலே விரல் மடங்குது. ஒரு அளவு பெருசு குடுத்தீங்கன்னா போதும். எனக்கு இதான் கடைசி வருஷம் சார்."

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பேசுவதற்கு முன் கண்ணாடியைத் துடைக்கிறவர்களிடம் எதுவும் கேட்டுப் பிரயோஜனமில்லை.

"இங்க பாரும்மா. கழகம் குடுக்கிற ஷூ தப்பா இருக்க முடியாது. ஏன்னா அதக் குடுக்கிறது கழகம். அப்ப எது தப்பு? நீயே சொல்லு."

மெயில் குனிந்து தன் காலைப் பார்த்தாள்.

"கால்! உன் கால் இன்னும் ஷூவுக்குத் தயாராகல. புகுந்த வீட்டுக்கு வந்த மருமக மாதிரி. கொஞ்ச நாள் கஷ்டமாத்தான் இருக்கும், அப்புறம் அடங்கிடும்."

"மருமக யாரு சார், ஷூவா?"

"கால்தாம்மா மருமக. ஷூ மாமியார்." தலைவர் தானே சிரித்துக்கொண்டார். பிறகு அலமாரியைத் திறந்து காட்டினார். வரிசை வரிசையாகக் காலணிகள், எல்லாம் வேறு ஊர்களில் நடந்த ஓட்டங்களில் அணிந்து திரும்ப வந்தவை. "இதப் பாரு. அடிப்பாகத்தைப் பாரு. ஒண்ணாவது தேஞ்சிருக்கா? வெளிக்கடையில வாங்குற ஷூ ஆறு மாசத்துல தேஞ்சுபோகுது. எங்க ஷூ இதுவரைக்கும் ஒண்ணுகூடத் தேஞ்சதில்ல. தரம்னா இதான்!"

மெயில் அடிப்பாகங்களைப் பார்த்தாள். கடையிலிருந்து அப்போதுதான் எடுத்து வந்தவை போலத்தான் இருந்தன. உள்பக்கத்தையும் பார்த்தாள். ஒவ்வொன்றின் முனையிலும் காய்ந்து கருத்த கறை இருந்தது. இரத்தக் கறை எந்தத் தண்ணீரில் போகும், எதில் போகாது என்பது தெரிந்த அவளுக்கு அதற்கு மேல் எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

"தூங்கும்போதும் போட்டுக்கிட்டே தூங்கு. ஓடி மட்டும் பார்க்காத, புதுசு கெட்டுரும்" என்று தலைவர் ஆசீர்வதித்து அனுப்பினார்.

தேர்வு ஓட்டத்தன்று மைதானத்தில் கழகத்தின் கொடிகள் பறந்தன. மேடையில் தலைவர், அவருக்குப் பக்கத்தில் யாரோ சில பெரிய மனிதர்கள், கீழே அளவையாளரும் நடை ஆய்வாளரும். புறப்படும் கோட்டுக்கு ஓட்டக்காரிகள் வந்தார்கள். ஒருத்தி விரல்களைத் தூக்கிக் குதிகாலால் நடந்துவந்தாள், ஒருத்தி பக்கவாட்டில் நண்டு மாதிரி வந்தாள். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் சிரிக்கவில்லை. நாட்டின் வேகமான பெண்கள் எல்லாரும் ஒரே இடத்தில் நொண்டிக்கொண்டு நின்றார்கள்.

துப்பாக்கி வெடித்தது. முதல் சுற்றை மெயில் வலியை மறந்து ஓடினாள். இரண்டாவதில் வலது பெருவிரல் தனியாக விண்விண் என்று அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. மகளின் முகத்தை நினைத்தாள். நிரந்தர வேலைக்காரர்கள் மாதம் ஒன்றாம் தேதி சம்பள வரிசையில் நின்று சிரித்துப் பேசுவதை நினைத்தாள். அதற்குப் பிறகு நினைக்க முடியவில்லை. ஒவ்வொரு அடியிலும் நகம் சதையை விட்டுப் பிரிவது தெரிந்தது. அவள்தான் முன்னால் போய்க்கொண்டிருந்தாள், வேகத்தினால் அல்ல, மற்றவர்கள் அவளைவிட மோசமாக நொண்டியதால். வேலியோரம் நின்ற புருஷன் முதலில், "விடாத, விடாத!" என்று கத்தினான். அப்புறம் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "போதும், நின்னுடு!" என்று கத்தினான். அவள் இரண்டையும் கேட்கவில்லை.

பதினெட்டு நிமிடம் முடிந்து மணி அடித்தபோது அவளுக்கு இன்னும் ஒரு வளைவு பாக்கி இருந்தது. ஓடியே முடித்தாள். முதலாவதாக வந்தாள். கோட்டைத் தாண்டி விழுந்தவளிடம் அளவையாளர் ஓடோடி வந்து மண்டியிட்டார். தண்ணீர் கொடுக்கப் போகிறார் என்று அவள் கையை நீட்டினாள். அவர் காலணியைப் பிடித்து இரண்டு முறை அழுத்தமாக இழுத்துப் பார்த்துவிட்டு, மேடையை நோக்கிக் கட்டைவிரலை உயர்த்தினார்.

"கழலல சார்!"

மேடை கைதட்டியது. தலைவர் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"நண்பர்களே! இன்று இந்த மைதானத்தில் ஒரு காலணிகூடக் கழலவில்லை. ஒரு காலணிகூட மேடைக்கு வரவில்லை. மேடையில் இருக்கும் ஒவ்வொருவரும் பாதுகாப்பாக வீடு திரும்புகிறோம். விளையாட்டு வரலாற்றில் இது பொன்னாள். ஓட்டக்காரர்கள் யாரும் உரிய நேரத்துக்குள் ஓடி முடிக்கவில்லை என்பது வருத்தம்தான். கழகம் இவ்வளவு செய்தும் கால்கள் ஒத்துழைக்கவில்லை. இதிலிருந்து என்ன தெரிகிறது? நம் மக்களின் கால்கள் குறித்துக் கழகம் இன்னும் பெரிய அளவில் பணியாற்ற வேண்டியிருக்கிறது என்று தெரிகிறது. எனவே தகுதியானவர் இல்லாமல் காலியாகிவிட்ட அந்த மூன்று நிரந்தர இடங்களையும், கூடுதல் அளவையாளர்களை நியமிக்கக் கழகத்துக்கே ஒதுக்கும்படி கேட்டிருந்தேன். நேற்றே அனுமதி கிடைத்துவிட்டது."

நேற்றே. மெயில் புல்லில் படுத்தபடி அந்தச் சொல்லைக் கேட்டாள்.

காலணி நிஜமாகவே கழலவில்லை. வாரை அவிழ்த்த பிறகும் வீங்கிய பாதம் வெளியே வர மறுத்தது. புருஷன் லாரியிலிருந்து கத்தியை எடுத்துவந்து, முத்திரையோடு சேர்த்து அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. உள்ளே இருந்ததை அவன் பார்த்தான். தன் தலைத்துண்டைக் கிழித்து இரண்டு பாதங்களையும் சுற்றினான்.

"நகம் முளைச்சிரும்" என்று கடைசியில் சொன்னான்.

"வயசு?" என்றாள் மெயில்.

அந்த நேரத்தில் மைதானத்து வாசலில் வண்டியின் ஹாரன் ஒலித்தது. கழகத்தின் வெற்றியைக் கொண்டாட ஓட்டலில் விருந்து ஏற்பாடாகியிருந்தது. ஆனால் வந்ததோ ஒரே வண்டி, இருக்கைகளோ குறைவு. சங்கதி பரவியதும் அளவையாளர் முதலில் ஓடினார். பின்னாலேயே நடை ஆய்வாளர் ஓடினார். தளர்ந்த செருப்பு பட்பட்டென்று அடிக்க, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நடுவில் நின்றவர்களை இடித்துத் தள்ளி, அருமையாக ஓடினார்கள். தலைவரும் ஓடினார். அவ்வளவு பெரிய உடம்பு, அவ்வளவு லேசாக ஓடும் என்று யாரும் எதிர்பார்த்திருக்க முடியாது. பாதையில் ஒரு செருப்பு கழன்று எங்கேயோ போய் விழுந்ததை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முன்னிருக்கை அவருக்குத்தான் கிடைத்தது. அன்றைக்கு அந்த மைதானத்தில் ஓட்டம் என்று சொல்லத்தக்கது அது ஒன்றுதான் நடந்தது.

கூட்டம் கலைந்தது. மெயில் புருஷன் தோளைப் பிடித்து எழுந்தாள். லாரி சாலையின் மறுபக்கம் நின்றிருந்தது. தூக்கிக்கொள்கிறேன் என்றான், வேண்டாம் என்றாள். சீக்கிரம் வீட்டுக்குக் கொண்டுசேர்க்க வேண்டும் என்ற பதற்றத்தில் அவன் வழக்கம்போல நாலு எட்டு நடந்தான், அவள் கை அவன் தோளிலிருந்து நழுவியது.

"கொஞ்சம் மெதுவா நடங்க" என்றாள் மெயில். "உங்க வேகத்துக்கு என்னால வர முடியல."

கல்யாணமான நாளிலிருந்து தெருவிலும் கடைவீதியிலும் அந்த வார்த்தையைச் சொல்லிவந்தவன் அவன்தான்.